ரசமட்டத்துக்குத் தலை சுற்றியது

அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. லிஃப்ட் கம்பெனியில் வாட்ச்மேன் தொடங்கி மேனேஜர் வரைக்கும் அவரைக் கூப்பிட்டது ரசமட்டம் என்றுதான். கொத்தனார் சுவர் மேல் வைத்துப் பார்ப்பாரே, நடுவில் ஒரு கண்ணாடிக் குழாய், அதற்குள் ஒரு குமிழி, அதே ரசமட்டம்.

காரணம் அவருடைய கால். லிஃப்ட் ஒரு மாடியில் வந்து நின்றால் அதன் தரையும் மாடியின் தரையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். அரை விரல் ஏறி இறங்கியிருந்தாலும் யாராவது தடுக்கி விழுவார்கள். மற்ற மெக்கானிக்குகள் குனிந்து ஸ்கேல் வைத்து அளப்பார்கள். இவர் ஷூவைக் கழற்றிவிட்டு ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். "மூணு மில்லி கீழ நிக்குது" என்பார். அளந்தால் மூன்று மில்லி இருக்கும். ஒருமுறை நான்கு காட்டியது. வேறு ஸ்கேல் கொண்டுவந்து அளந்தார்கள், மூன்றுதான். பழைய ஸ்கேலின் முனை தேய்ந்திருந்ததாம். அன்றோடு அந்த ஆபீசில் ஸ்கேலுக்கு மரியாதை போயிற்று. பரீட்சை எழுதாமலே பாஸான பையனைப் போல ரசமட்டம் ஒரு வாரம் மிதந்துகொண்டு திரிந்தார்.

அந்தத் தொழில்நுட்பத்தில் உள்ள ஒரே குறை, ஷூ கழன்றதும் வரும் வாசனை என்று அவருடைய மச்சினன் சொல்வான். மனைவியின் தம்பி. பதினொரு வருடமாக இருவரும் ஜோடியாக வேலை செய்தார்கள். மாமா லிஃப்ட் பெட்டியின் கூரை மேல் ஏறி நிற்பார். மச்சினன் மொட்டை மாடியில், மோட்டார் இருக்கும் அறையில் நின்று, மாமா கீழே இருந்து குரல் கொடுத்தால் மட்டும் பெட்டியை ஓர் அடி ஏற்றுவான், ஓர் அடி இறக்குவான். குரல் வராமல் பட்டன் மேல் விரல் போகாது. மாமாவின் உயிர் மச்சினன் விரல் நுனியில் இருந்தது. அதனால்தான் வீட்டுக்கு வந்தால் அவனுக்கு இரண்டாம் முறை பரிமாறச் சொல்லி அவரே அவன் அக்காவுக்கு ஜாடை காட்டுவார்.

அந்த வருடம் ரசமட்டத்துக்கு அக்கி வந்தது. இடது விலாவில் தொடங்கி முதுகு வரை ஒரு பட்டை. கொப்புளம் மூன்று வாரத்தில் காய்ந்துவிட்டது. எரிச்சல் போகவில்லை. வீட்டைக் காலி செய்தவன் அடுப்பை அணைக்காமல் போனதைப் போல உள்ளே எரிந்துகொண்டே இருந்தது. சட்டைத் துணி உரசினால் இஸ்திரிப் பெட்டியை வைத்த மாதிரி துள்ளுவார். மனைவி அவருடைய பனியன்களில் ஒன்றை விட்டு மற்றதை எல்லாம் எடுத்து இடது பக்கத்தில் சதுரமாக வெட்டி எறிந்தாள். ஜன்னல் வைத்த பனியன். அதைப் போட்டுக்கொண்டு, நாற்காலியில் சாயாமல், விருந்தாளி மாதிரி நுனியில் உட்கார்ந்தே நான்கு மாதம் ஓட்டினார்.

கடைசியில் அவள்தான் நரம்பு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். அக்கி போகிற போக்கில் நரம்பைக் காயப்படுத்திவிட்டது, அது சும்மா சும்மா வலி வலி என்று கத்துகிறது, அதை அமைதிப்படுத்த மாத்திரை தருகிறேன் என்றார் டாக்டர். ரசமட்டம் அதுவரை கேட்டார். பிறகு டாக்டர் வேறு சிலவும் சொன்னார். அப்போது பார்த்து வெளியே ஆஸ்பத்திரி லிஃப்டின் கதவு மூடப் போய், எதிலோ முட்டி, திரும்பத் திறந்தது. மறுபடியும் மூடியது, முட்டியது, திறந்தது. ரசமட்டத்தின் உடம்பு நாற்காலியில் இருந்தது, காது வராந்தாவுக்குப் போய்விட்டது. கீழ்த் தடத்தில் ஏதோ சிக்கியிருக்கிறது, மருந்து மூடியாக இருக்கும் என்று அவர் முடிவுக்கு வந்தபோது டாக்டரும் பேசி முடித்திருந்தார். மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு தலையாட்டினாள். மாத்திரை உடம்புக்குப் பழகும் வரை தலை சுற்றல் வரலாம், சிலருக்கு வரும், சிலருக்கு வராது, வந்தால் உயரத்தில் ஏறக் கூடாது, உடனே வந்து சொல்ல வேண்டும், இவர்களாக நிறுத்தவும் கூடாது. இதுதான் அவர் கேட்காமல் விட்டது.

ஐந்தாம் நாள் காலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் தன்னை அறியாமல் நாற்காலியில் சாய்ந்தார். நன்றாக, முழு முதுகும் படச் சாய்ந்தார். மனைவி அதைப் பார்த்துவிட்டாள். சொன்னால் கலைந்துவிடும் என்கிற மாதிரி, ஏற்கெனவே துடைத்த தட்டையே எடுத்து மறுபடியும் துடைத்தாள். அவர் வேலைக்குப் போன பிறகு, வெட்டாமல் மிச்சம் வைத்திருந்த ஒரே பனியனைத் துவைத்துக் காயப்போட்டாள்.

அடுத்த வாரம், டாக்டர் எழுதிக் கொடுத்தபடி, ஒரு மாத்திரை இரண்டாயிற்று. தினமும் காலையில் அவள், "தலை சுத்துதா?" என்று கேட்பாள். "இல்ல" என்பார். பொய் இல்லை. அவருடைய தலை அசையாமல்தான் இருந்தது.

திங்கட்கிழமை எட்டு மாடிக் குடியிருப்பு ஒன்றில் மாதாந்திர வேலை. அந்தக் கட்டடத்துக்கு ஒரே லிஃப்ட். போன மாதம் அதன் பிரேக்கை மச்சினன் பிரித்து, துடைத்து, ஸ்பிரிங்கைச் சரிசெய்திருந்தான். ரசமட்டம் ஐந்தாம் மாடியில் ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே நின்று கண்ணை மூடினார். பெட்டி மெல்லக் கீழே நழுவியது.

வெளியே தாவினார். திரும்பிப் பார்த்தால் இரண்டு தரையும் ஒட்டி வெட்டிய மாதிரி சமமாக நின்றன. மறுபடி ஏறினார். மறுபடி நழுவியது. இழுவைக் கம்பியில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு வந்து நின்று பார்த்தார். கால் இறங்குகிறது என்றது. திரும்பப் போய்ப் பார்த்தால் கோடு ஒரு மயிரிழைகூட அசையவில்லை. வேறு யாராக இருந்தாலும் கோட்டை நம்பியிருப்பார்கள். ஸ்கேலையே தோற்கடித்த காலுக்குச் சாக்பீஸ் எம்மாத்திரம்?

பிறகு பெட்டியின் கூரை மேல் ஏறினார். அங்கே நின்றபோது அது ஒரு பக்கமாகச் சரிந்தது. கம்பியை எட்டிப் பிடித்துக்கொண்டு, ஏன் நகர்த்தினாய் என்று மேலே பார்த்துக் கத்தினார். மேலிருந்து மச்சினன் எட்டிப் பார்த்தான்.

"நான் பட்டனைத் தொடவே இல்ல மாமா."

"தொடலன்னா அது எப்படி இறங்கும்?"

"இறங்கலயே. நான் பாத்துக்கிட்டுதானே இருக்கேன்."

"அப்போ உன் பிரேக்குதான் நழுவுது."

பதினொரு வருடத்தில் அப்படி ஒரு வார்த்தை அவர்களுக்கு இடையில் வந்ததில்லை. மச்சினன் தலையை உள்ளே இழுத்துக்கொண்டான். ரசமட்டம் லிஃப்டைப் பூட்டி, பழுது என்று எழுதிய பலகையை மாட்டினார். ஆபீசுக்குப் போய், பிரேக் நழுவுகிறது என்று எழுதினார். அந்தப் படிவத்தில், கடைசியாக அதில் கை வைத்தவர் யார் என்று ஒரு கட்டம் உண்டு. அதையும் நிரப்பினார். சூப்பர்வைசர் மச்சினனை அன்றே லிஃப்ட் வேலையிலிருந்து எடுத்து உதிரி பாகம் வைக்கும் குடோனுக்கு அனுப்பினார். வெள்ளிக்கிழமை தலைமை ஆபீசிலிருந்து இன்ஜினியர் வருவார். குறை உறுதியானால் அவனுக்கு வேலை போகும்.

வீட்டில் மனைவி சண்டை போடவில்லை. தட்டை வைக்கும்போது மட்டும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் சத்தம் வந்தது. நான் என்ன செய்ய, நாளைக்கு யாராவது விழுந்தால் யார் பொறுப்பு என்று அவர் தட்டைப் பார்த்துக் கேட்டார்.

கட்டடத்தில் எட்டு மாடி ஜனமும் படி ஏறியது. ஏழாம் மாடியில் ஒரு தையல்காரம்மா, முழங்கால் சரியில்லாதவர். அவர் இறங்க முடியாது, துணி கொண்டுவருகிறவர்களுக்கு ஏற மனமில்லை. அவருடைய மெஷின் மூன்று நாளாகச் சும்மா நின்றது. நான்காம் மாடியில் ஒரு வங்கிக்காரர். அவர் ரசமட்டத்தைப் படியில் மடக்கி, ஞாயிற்றுக்கிழமையே எனக்கு அடிவயிற்றில் ஒரு மாதிரி இருந்தது, நானும் கவனித்தேன் என்றார். புதன்கிழமைக்குள் இறங்கியதைக் கவனித்தவர்கள் பதினான்கு பேர் ஆகிவிட்டார்கள். மூன்றாம் மாடி அம்மாள் ஒருவர், சத்தமும் கேட்டதாகச் சேர்த்துக்கொண்டார். ரசமட்டம் எல்லாவற்றையும் சாட்சியாக எடுத்துக்கொண்டார். பிரேக்கைப் பிரித்தார், மாட்டினார், மறுபடி பிரித்தார். ஒரு குறையும் அகப்படவில்லை. அகப்படாத குறைதான் ஆபத்தானது என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தார்.

வியாழக்கிழமை காலை. கட்டிலின் ஓரத்தில் எழுந்து உட்கார்ந்து காலைத் தரையில் வைத்தார். தரை மெல்ல இறங்கியது.

பழக்க தோஷம், முதலில் பக்கத்துச் சுவரைப் பார்த்தார். சுவரும் தரையும் ஒட்டித்தான் இருந்தன. கண்ணை மூடினார். இன்னும் இறங்கியது. அது தரைத்தள வீடு. கீழே மண், மண்ணுக்குக் கீழே பாறை. அந்த வீட்டுக்கு மோட்டார் கிடையாது, கம்பி கிடையாது. மச்சினன் அதன் பிரேக்கில் ஒருநாளும் கை வைத்ததில்லை.

"இங்க கொஞ்சம் வா" என்றார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"இந்தத் தரை இறங்குதா பாரு."

"தரை எங்கங்க இறங்கும்?"

"இறங்குது. இப்பக்கூட இறங்கிக்கிட்டுதான் இருக்கு."

அவள் குனிந்து அவருடைய முகத்தைப் பார்த்தாள்.

"தலை சுத்துதா, தலை சுத்துதான்னு தினம் கேட்டேனே."

"தலை சுத்தலடி. தரைதான் போகுது."

"அதுக்குப் பேருதாங்க தலை சுத்துறது."

சொல்லிவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். டாக்டர் அன்றைக்குச் சொன்னது முழுவதையும் ஒன்று விடாமல் திரும்பச் சொன்னாள். சொல்லி முடித்து, "அப்போ என் தம்பி..." என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினாள்.

அவருக்கு முதலில் தோன்றியது நல்ல எண்ணம் இல்லை. அலமாரியில் மாத்திரை அட்டை இருந்தது. இன்றோடு நிறுத்திவிட்டால் தரை நின்றுவிடும். நாளைக்கு இன்ஜினியர் பார்ப்பார், ஒன்றும் இருக்காது, ஒரு எச்சரிக்கையோடு மச்சினனை விட்டுவிடுவார்கள். இவர் ரசமட்டமாகவே இருக்கலாம். சொன்னால்? மயக்கமோ தலை சுற்றலோ இல்லை என்று ஒவ்வொரு வருடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் கூரை மேல் ஏறவிடுகிறார்கள். இருக்கிறது என்று சொன்ன மறுநிமிடம் கீழே இறக்கிவிடுவார்கள். முப்பது வருடம் அந்தக் கூண்டுக்குள் வாழ்ந்தவர் கீழே நின்று என்ன செய்வார் என்று அவருக்கே தெரியவில்லை.

அட்டையைப் பார்த்த பார்வையை அவள் பார்த்துவிட்டாள். எழுந்து போய் அதை எடுத்துத் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"நீங்களா நிறுத்தக் கூடாதுன்னும் சொன்னாரு. அந்த எரிச்சலோட நீங்க உக்காந்திருந்தத நாலு மாசம் பாத்தவ நான்."

அவர் அந்த நான்கு மாதத்தை நினைக்கவில்லை. திங்கட்கிழமையை நினைத்தார். கூரை விளிம்பில் தன்னுடைய ஒரு கால் இருந்ததை நினைத்தார். கம்பி மட்டும் கைக்கு எட்டாமல் போயிருந்தால், குரல் இல்லாமல் பட்டனைத் தொடாத அந்த விரலின் மேல் பழி விழுந்திருக்கும். மாமாவைக் கொன்றவன் என்று அவன் காலம் முழுக்கத் திரிந்திருப்பான். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

சூப்பர்வைசர் டீ குடித்துக்கொண்டிருந்தார். ரசமட்டம் சுற்றி வளைக்காமல் மாத்திரை, கட்டில், தரை என்று சொல்லி முடித்தார். பாதி டீயோடு நிமிர்ந்த சூப்பர்வைசர், அப்படியானால் பிரேக் என்ன ஆயிற்று என்று கேட்டார்.

"பிரேக்குல ஒரு குறையும் இல்ல சார். குறை எனக்கு."

சூப்பர்வைசர் திட்டுவார் என்று எதிர்பார்த்தார். அவர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நீட்டி, இதையே எழுதிக் கொடுங்கள் என்றார். அரைப் பக்கம் எழுத முக்கால் மணி நேரம் பிடித்தது. டாக்டர் சரி என்று எழுதிக் கொடுக்கும் வரை உயரத்தில் ஏறக் கூடாது, புகார் வரும் போனை எடுக்க வேண்டும் என்று உத்தரவாயிற்று. லிஃப்ட் நாளை சோதனை முடிந்து திறக்கும். மச்சினனுக்கு யார் சொல்வது என்று சூப்பர்வைசர் கேட்டதற்கு, நான்தான் சொல்ல வேண்டும் என்றார்.

மதியம் டாக்டர் கொஞ்சம் கோபித்துக்கொண்டார். பிறகு மாத்திரையை மறுபடி ஒன்றாக்கி, படுக்கும் நேரத்துக்கு மாற்றி, மெல்ல மெல்ல ஏற்றலாம் என்றார். பெரும்பாலும் சில வாரத்தில் உடம்பு பழகிக்கொள்ளும், பழகாவிட்டால் வேறு வழி பார்ப்போம் என்றார். இந்த முறை ரசமட்டம் ஒவ்வொரு சொல்லையும் கேட்டார். வெளியே கதவு இன்னும் முட்டிக்கொண்டுதான் இருந்தது.

சாயங்காலம் குடோனுக்குப் போனார். மச்சினன் அங்கே இல்லை. நான்கு மணிக்கே கிளம்பிவிடுகிறான், அந்த எட்டு மாடிக் கட்டடத்துக்குப் போகிறேன் என்று சொன்னான் என்றார்கள். ரசமட்டம் அங்கே போய்க் கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியாக ஏறினார். நான்காம் மாடித் திருப்பத்தில் அவன் தோளில் தண்ணீர் கேனோடு மூச்சு வாங்கிக்கொண்டு நின்றிருந்தான். ஏழாம் மாடித் தையல்காரம்மாவுக்கு. தினமும் வேலை முடிந்ததும் வந்து, மாடி மாடியாக யாருக்கு என்ன வேண்டுமோ தூக்கிக்கொண்டிருக்கிறான். யாரும் அவனை அதைச் செய்யச் சொல்லவில்லை.

"மாப்ள, கேனைக் கீழ வை."

"வச்சா திரும்பத் தூக்க முடியாது. சொல்லுங்க, நின்னுக்கிட்டே கேக்கறேன்."

அவர் சொன்னார். சூப்பர்வைசரிடம் சொன்னதைவிட இது கஷ்டமாக இருந்தது. கட்டிலில் தரை இறங்கிய இடம் வந்ததும் மச்சினன் கேனைக் கீழே வைத்து, அதன் மேலேயே உட்கார்ந்தான். தன் விரல்களையே பார்த்தான்.

"மூணு நாளா அந்த ஸ்பிரிங்க எத்தன சுத்து சுத்தினேன்னு எண்ணிக்கிட்டே இருக்கேன் மாமா. ஒரு சுத்து விட்டுட்டேன்னு முடிவே பண்ணிட்டேன். உங்க கால் சொன்னா சரியாத்தானே இருக்கும்."

அவன் கோபமாக இருப்பான் என்றுதான் ரசமட்டம் எதிர்பார்த்திருந்தார். அவன் கோபப்படவே இல்லை, இவரை நம்பித் தன் கையையே சந்தேகப்பட்டிருக்கிறான். கீழ்ப்படியில் உட்கார்ந்து அவனுடைய முழங்காலில் கை வைத்தார்.

"மாத்திர கேக்குதா?" என்றான் அவன்.

"ம். சட்ட போட முடியுது. சாய முடியுது."

"அப்ப சரி."

கொஞ்சம் கழித்து மூக்கை உறிஞ்சிவிட்டு, "நான் கோவமா இருக்கேன்னே அக்காகிட்ட சொல்லுங்க. ஞாயித்துக்கிழம வந்து சாப்பிட்டாத்தான் தீரும்" என்றான். கேனின் ஒரு பக்கத்தை இவர் பிடிக்கப் போனார். கையைத் தட்டிவிட்டான். "நீங்க உங்களத் தூக்கிக்கிட்டு வந்தாப் போதும்."

வெள்ளிக்கிழமை இன்ஜினியர் வந்து எடைக்கல் ஏற்றி, இறக்கி, அளந்து, பிரேக்கில் குறை இல்லை என்று கையெழுத்துப் போட்டார். அனுமதி கேட்டு வந்திருந்த ரசமட்டம் பார்த்துக்கொண்டு நிற்க, மச்சினன் பலகையைக் கழற்றினான். கதவு திறந்தது. கீழே பன்னிரண்டு பேர் நின்றார்கள். ஒருவரும் ஏறவில்லை. காய்கறிப் பையோடு ஒரு பெண்மணி படியைப் பார்த்து நடந்தாள். அவள் பின்னால் இன்னும் இருவர் போனார்கள். இறங்குகிறது என்று சொன்னது ரசமட்டம். அவர் சொன்ன பிறகு இன்ஜினியராவது, கையெழுத்தாவது?

ரசமட்டம் பைக்காரப் பெண்மணியை நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே போய் நின்றார். மச்சினனும் வந்து ஏழை அழுத்தினான். கதவு மூடியது.

உடனே தரை கீழே போயிற்று. அவர் கண்ணை மூடவில்லை.

"என்ன பண்ணுது மாமா?"

"கீழ போகுது."

"நாம மேல போறோம்."

"தெரியும். நீதானே பக்கத்துல நிக்கற."

நான்காம் மாடியில் நின்றது. கதவு திறந்தால் வங்கிக்காரர். பழக்கத்தில் பட்டனை அழுத்திவிட்டு, இப்போது ஒரு காலை உள்ளே வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டு நின்றார்.

"இது இறங்குதுன்னீங்களே. ஞாயித்துக்கிழம எனக்கே தெரிஞ்சுது."

"நீங்க என்ன மாத்திர சார் சாப்பிடறீங்க?" என்றான் மச்சினன்.

ரசமட்டம் அவனைச் சும்மா இருக்கச் சொன்னார். தொண்டையைச் சரிசெய்துகொண்டு, படிக்கட்டில் நின்றிருந்தவர்களுக்கும் கேட்கிற குரலில் சொன்னார்.

"லிஃப்ட் இறங்கல சார். நான் வலிக்கு ஒரு மாத்திர சாப்பிடறேன், அதுல எனக்குத் தலை சுத்துது. தெரியாம லிஃப்ட் மேல பழி போட்டுட்டேன். இவன் மேலயும்."

வங்கிக்காரர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஏறிக் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டார். கீழே போக வேண்டியவர், அப்படியே மேலே வந்தார்.

ஏழாம் மாடியில் தையல்காரம்மா கதவுக்கு முன்னாலேயே நின்றிருந்தார். லிஃப்டைப் பூட்டும் முன்பே தைத்து முடித்த துணி மூட்டை ஒன்று இடுப்பில். உள்ளே எட்டிப் பார்த்து, இது நடுவில் நின்று தொலைக்காமல், நிற்க வேண்டிய இடத்தில் நிற்குமா என்று கேட்டார்.

"இவன் வச்ச பிரேக்கும்மா. நிக்கும்" என்றார் ரசமட்டம். மூட்டையை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினார். மச்சினன் முந்திக்கொண்டு வாங்கி, மாமாவின் கையைப் பிடித்துக் கைப்பிடியில் வைத்தான்.

கதவு மூடியது. தரை இறங்கியது. இந்த முறை எல்லோருக்கும்.